பிடித்தலும் பிடித்துக்கொள்ளுதலும்: டிரம் பிரேக் பழுதும் பட்டறையின் தர்க்கமும்

‘பிரேக் பிடித்தது.’ ‘பிரேக் பிடிக்கவில்லை.’ ‘பிரேக் பிடித்துக்கொண்டது.’ இம்மூன்று வாக்கியங்களையும் தமிழ் பேசும் ஓட்டுநர் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவது, வண்டி ஒழுங்காக இருக்கிறது என்பது. இரண்டாவது, விபத்து. மூன்றாவதில் ‘கொள்’ என்னும் துணைவினை ஒன்று கூடியவுடன், ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் சக்கரத்தை விடாமல் பற்றியிருக்கும் ஒரு பழுது முழுமையாக வரையறுக்கப்பட்டுவிடுகிறது. மொழியியல் வகுப்பறைகளில் ‘கொள்’ துணைவினைக்கு எடுத்துக்காட்டாக ‘எழுதிக்கொண்டான்’, ‘வெட்டிக்கொண்டான்’ ஆகியவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. பட்டறை வாசலில் அதே துணைவினை ஒரு நோயறிதலின் முதல் வரியாக நிற்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

இக்கட்டுரையின் வாதம் எளியது. பழைய வண்டியின் டிரம் பிரேக் பிடித்துக்கொள்ளும்போது அதன் காரணத்தைக் கண்டறியும் முறை, வரிசையும் தர்க்கமும் கொண்ட ஓர் அறிவுத்துறை. அந்த அறிவு உதிரிப்பாகங்களின் பெயர்களில் தங்கியிருக்கவில்லை; எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் திறப்பது என்னும் வரிசையில் தங்கியிருக்கிறது. அறிவியல் தமிழ் பேசுவோர் பெயர்களைத் தொகுத்தார்கள், வரிசையை விட்டுவிட்டார்கள். விட்டுப்போனதற்கான விலையை மலைச்சாலையில் பயணம் செய்பவர்கள் கொடுக்க நேரும்.

மலைச்சாலை என்றால் எது? இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையை எடுத்துக்கொள்ளலாம். (பாலக்காட்டு மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, இங்கே பேசப்படுவது குமுளியிலிருந்து புளியன்மலை நோக்கிச் செல்லும் சாலையில் ஏலத்தோட்டங்களின் நடுவே உள்ள ஊர்.) அருகிலுள்ள செல்லார்கோவில் விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு தெரியும். தேனி மாவட்டத்தின் சமவெளியிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளின் வழியே நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி வருகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பொருத்தத் தொடங்கிய வில்லிஸ் வகை ஜீப்பின் வழித்தோன்றல்களை இன்றும் இம்மலைகளில் காணலாம். பழைய வில்லிஸ் ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகளே. வாடகைக் கார்களாக மலை ஏறிய பழைய அம்பாசிடர்களின் கதையும் அதுவே.

டிரம் பிரேக் ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதை அறிய, அது எப்படிப் பிடிக்கிறது என்பதை அறிய வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு வளையம் டிரம். அதன் உள்ளே, சுழலாத தகடு ஒன்றில் பிறை வடிவ ஷூக்கள் இரண்டு. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் பிறக்கும் அழுத்தம், குழாய் வழியே பிரேக் ஆயில் மூலம் வீல் சிலிண்டரை அடைந்து, அதன் பிஸ்டன்களை வெளியே தள்ளும். பிஸ்டன்கள் ஷூக்களை விரிக்க, ஷூவின் லைனிங் டிரம்மின் உட்புறத்தில் உரசும். காலை எடுத்ததும் ரிட்டன் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளிழுக்க, ஆயில் வந்த வழியே மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்ப வேண்டும். பிடிப்பதற்கு ஓட்டுநரின் கால் இருக்கிறது. விடுவதற்கோ ஒரு ஸ்பிரிங்கும் அடைபடாத ஒரு பாதையும் மட்டுமே இருக்கின்றன. பழுது பெரும்பாலும் ‘விடுதலில்’ நேர்வது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. டிரம் பிரேக்கின் ஷூக்களுள் ஒன்றை டிரம்மின் சுழற்சியே மேலும் தன்பக்கம் இழுத்து அழுத்தும். சிறு மிதியில் பெரும் பிடி கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஷூ சரியாக விலகாத நேரத்தில் சிறு உரசல் பெரும் பிடியாக வளர்வதற்கும் இதுவே காரணம். வடிவமைப்பின் நன்மையும் அதன் பழுதும் ஒரே இயற்பியலிலிருந்து பிறக்கின்றன.

ஓட்டுநர் பட்டறைக்கு வந்து சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் பிரேக்கைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘வண்டி இழுக்கவில்லை’ என்பார். மலையாளம் பேசுபவராயின் ‘வலிவில்லா’ என்பார். எஞ்சினில் குறை என்று நம்பி வந்திருப்பார். அவர் சொல்லும் சொல்லும் எஞ்சினையே சுட்டும். அடுத்த வண்டியில் வருபவர் ‘பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கிறது’ என்பார். மலையாளத்திலும் அங்கே ‘வலி’ என்னும் அதே வினையே வரும். ஒரே வினை முதல் கூற்றில் எஞ்சினின் ஆற்றலையும் இரண்டாம் கூற்றில் பிரேக்கின் சமமின்மையையும் குறிக்கிறது. இரு மொழிகள் கலந்து புழங்கும் ஊரில் பட்டறைக்காரரின் முதல் சோதனைக்கருவி செவிதான். அவர் உடனே எஞ்சினைத் திறப்பதில்லை. ‘இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் உருளுகிறதா? ஏறத் தொடங்கும்போதே இழுவை இல்லையா, கொஞ்ச தூரம் போன பிறகா? நின்று ஆறிய பிறகு சரியாகிவிடுகிறதா?’ என்று கேட்பார்.

மூன்றாவது கேள்வியில் நுட்பம் இருக்கிறது. ஆயில் திரும்பும் துளை அடைபட்டிருந்தால் பிரேக் உரசும், உரசலால் சூடேறும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயில் போக வழியின்றி ஷூவை மேலும் அழுத்தும், அதனால் மேலும் சூடேறும். வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டால் ஆயில் சுருங்கும். பிரேக் தானே விட்டுவிடும். பட்டறைக்கு வந்து சேர்ந்து, முறை வரும்வரை காத்திருந்து, ஜாக்கியில் ஏற்றும்போது சக்கரம் தாராளமாகச் சுற்றும். பழுது ஒளிந்துகொண்டிருக்கும். ஆறிய வண்டியை மட்டும் பார்ப்பவர் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார். அனுபவமுள்ளவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டி, சூடேறிய நிலையில் பார்ப்பார்.

சூடே முதல் சாட்சி. இயன்றவரை பிரேக்கை மிதிக்காமல் ஓட்டித் திரும்பி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கருகிலும் புறங்கையைத் தொடாமல் கொண்டுசென்றால் எது சூடு என்பது தெரிந்துவிடும். இங்கே எண்ணிக்கை முக்கியம். நான்கு சக்கரங்களும் சூடாக இருந்தால், நான்கிற்கும் பொதுவான இடத்தில், அதாவது பெடலிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ தேட வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் சூடாக இருந்தால், இரண்டிற்கும் பொதுவானது பின் ஆக்ஸிலுக்குச் செல்லும் ஒற்றை ரப்பர் ஹோஸ். அம்பாசிடர் போன்ற கார்களில் ஹேண்ட் பிரேக் கேபிளும் அந்த ஐயத்தில் சேரும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக்கின் டிரம் சக்கரத்தில் இல்லை; வண்டியின் நடுவே, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. எனவே ஜீப் இழுக்காமல், சக்கரங்கள் எதுவும் சூடாகாமல் இருந்தால், அடியில் அந்த டிரம்மைப் பார்க்க வேண்டும். ஒரு முன்சக்கரம் மட்டும் சூடென்றால் அதன் ஹோஸ், அல்லது அதன் டிரம்முக்குள் இருப்பவை. சக்கர பேரிங் கெட்டிருந்தாலும் சூடேறும். ஆனால் அங்கே ஜாக்கியில் ஏற்றிய சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் தெரியும், சுழற்றினால் இரைச்சல் கேட்கும். நாற்றமும் வேறு: லைனிங் எரியும் நாற்றம் ஒன்று, கிரீஸ் உருகும் நாற்றம் மற்றொன்று.

இதற்குப்பின் வருவதே இந்த முறையின் மையக் கேள்வி: சக்கரத்தைப் பிடித்திருப்பது அழுத்தமா, இயந்திரப் பாகமா? ஆயில் திரும்பாததால் பிடித்திருக்கிறதா, அல்லது ஆயில் திரும்பியும் ஷூ திரும்பவில்லையா? வீல் சிலிண்டரின் பின்புறத்தில் உள்ள நிப்பிளைச் சற்றே தளர்த்தினால் விடை வரும். ஆயில் பீறிட்டு, சக்கரம் உடனே விடுபட்டால் குற்றவாளி அழுத்தம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையாவிட்டால் குற்றவாளி டிரம்முக்குள் இருக்கிறது.

ஆனால் நிப்பிளை முதலில் திறக்கலாமா என்பதில்தான் தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். நிப்பிளைத் திறந்தவுடன் அடைபட்டிருந்த அழுத்தம் வெளியேறிவிடும். அழுத்தம் இருந்தது என்பது தெரியும். அது எங்கே அடைபட்டிருந்தது என்பதற்கான சாட்சியமும் அதோடு போய்விடும். எனவே மேலிருந்து கீழாக வருவதே முறை. முதலில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாயின் இணைப்பைத் தளர்த்த வேண்டும். அங்கேயே சக்கரம் விடுபட்டால் அடைப்பு மாஸ்டர் சிலிண்டரிலோ பெடலிலோ இருக்கிறது. விடுபடாவிட்டால் அடுத்து நிப்பிள். அங்கே விடுபட்டால் அடைப்பு இரண்டிற்கும் இடையில். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். அங்கும் விடுபடாவிட்டால் டிரம்மைக் கழற்ற வேண்டும். ஸ்பேனரின் இரண்டு திருப்பங்களில் வண்டி முழுவதும் மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஐயம் ஒரு பகுதிக்குள் சுருங்கிவிடுகிறது. சோதனை தன் சாட்சியத்தையே அழித்துவிடக்கூடும் என்பதால் சோதனைகளின் வரிசை முக்கியம் என்னும் இந்த எச்சரிக்கை, களஆய்வுக்குச் செல்லும் எந்த ஆய்வு மாணவருக்கும் பொருந்தும். தகவலாளியிடம் விடையைத் தன்னுள் கொண்ட கேள்வியை முதலில் கேட்டுவிட்டால், பிறகு எத்தனை கேள்விகள் கேட்டாலும் தூய தரவு திரும்பக் கிடைப்பதில்லை. பட்டறையிலாவது பெடலை மீண்டும் மிதித்து அழுத்தத்தை வரவழைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. டிரம் பிரேக் கொண்ட பழைய வண்டிகள் பலவற்றில், வீல் சிலிண்டரின் ரப்பர் கப்கள் ஒட்டியிருக்கவும் காற்று புகாமலிருக்கவும், சிறிதளவு அழுத்தத்தைக் குழாயில் நிலைநிறுத்தும் வால்வு ஒன்று மாஸ்டர் சிலிண்டரில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் நிப்பிளைத் திறந்தால் சிறிது ஆயில் கசியும். அதைப் பழுதின் அடையாளமாக வாசிப்பவர் தவறான பாகத்தை மாற்றுவார். இயல்பு எது என்று அறியாதவருக்குப் பிறழ்வு எது என்பது புலப்படாது.

அழுத்தம்தான் காரணம் என்று தெளிந்த பிறகு, மூன்று கதைகள் உண்டு. ஒன்று, பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி இல்லாமல் போவது. பெடல் உயரம் போதவில்லை என்று யாரோ ஒருவர் தண்டை நீட்டி வைத்திருப்பார். பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது. ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். இரண்டு, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் ஊதிப்போவது. கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலுக்கென்று செய்யப்பட்ட ரப்பர், எஞ்சின் ஆயிலோ டீசலோ பட்டால் வீங்கும். வீங்கிய கப் அதே துளையை அடைக்கும். மூன்று, ரப்பர் ஹோஸ். வெளியே விரிசலின்றிப் பளபளப்பாக இருக்கும் ஹோஸின் உட்சுவர் உரிந்து தொங்கினால் அது ஒருவழிக் கதவாகிவிடும். ஓட்டுநரின் காலில் உள்ள வலிமை ஆயிலை உள்ளே தள்ளிவிடும். ஸ்பிரிங்கின் வலிமையால் அதைத் திரும்ப அனுப்ப இயலாது. கண்ணால் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாத இப்பழுதை மேற்சொன்ன இரண்டு திருப்பங்கள் கண்டுபிடித்துவிடும்.

இயந்திரப் பாகம்தான் காரணமென்றால், டிரம்மைக் கழற்றிய பிறகு கண்ணே போதும். ஆனால் எங்கே பார்ப்பது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்த ஆயில் வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருவை வளர்க்கும்; பிஸ்டன் வெளியே போய்த் திரும்பாது. ரிட்டன் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும், அல்லது ஒடிந்திருக்கும். ஷூவின் ஓரங்கள் பின்தகட்டில் உரசும் இடங்களில் ஆண்டுக்கணக்கான தேய்மானத்தால் பள்ளம் விழுந்து, ஷூ அதில் சிக்கி நிற்கும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை; புது ஷூவை அதே பள்ளத்தின் மீது வைத்து மூடிவிடுவார்கள். அம்பாசிடரில் ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, லீவரை இறக்கியும் ஷூ விரிந்தே இருக்கும். டிரம் வட்டம் மாறியிருந்தால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசும். கையால் மெல்லச் சுற்றினால் அந்த இடம் உணர்த்தும். இவற்றோடு இடுக்கியின் மழைக்காலமும் சேர்கிறது. ஈரமான டிரம்மோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சில நாள் நிறுத்திய காரில் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டி நகர மறுக்கும். இது பழுதென்பதைவிட நிறுத்தும் பழக்கத்தின் விளைவு. சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அணைத்து நிறுத்தினால் வராது.

இத்தனையும் ஏன் உயிர்ப்பிரச்சினை? பிடித்துக்கொள்ளும் பிரேக் வெறும் டீசல் விரயம் என்றும் லைனிங் தேய்மானம் என்றும் பலர் நினைப்பதுண்டு. ஏற்றத்தில் அது உண்மை. இறக்கத்தில் அதே பிரேக் கொலைகாரனாகலாம். ஏற்கெனவே உரசிச் சூடேறிய டிரம் விரிந்து ஷூவிடமிருந்து விலகும். லைனிங்கின் உராய்வு குறையும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுந்தும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரை வரை போகும். டாட் 3 வகை பிரேக் ஆயிலுக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ்; 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அது 140 பாகை மட்டுமே. ஈர மலையில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயில் எந்த எண்ணை நோக்கி நகரும் என்பது சொல்லாமலே விளங்கும். இவ்வாறு, ‘பிரேக் பிடித்துக்கொண்டது’ என்னும் மூன்றாம் வாக்கியம் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்னும் இரண்டாம் வாக்கியமாக ஒரே பயணத்தில் உருமாறிவிடும். காலையில் ‘இழுவை இல்லை’ என்று சலித்துக்கொண்ட ஓட்டுநர் மாலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில்தான் இறங்குகிறார்.

இந்நிலையில் பெருகிவரும் பழக்கம் ஒன்றைக் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது. காரணம் தேடாமல் ‘செட்டாக மாற்றிவிடலாம்’ என்னும் பழக்கம். ஷூ, வீல் சிலிண்டர், கிட் என்று மாற்றுகிறார்கள். உட்சுவர் உரிந்த ஹோஸ் அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடும். மூன்றாம் நாள் புது லைனிங் எரியும். ‘கம்பெனி பாகம் இல்லை, அதனால்தான்’ என்று பழி பாகத்தின் மீது விழும். காரணம் அறியாமல் நடந்த பழுதுநீக்கம், சரியாகிவிட்டாலும் எதையும் கற்பிப்பதில்லை. சரியாகாவிட்டால் தவறான ஒன்றைக் கற்பித்துவிடுகிறது.

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. வாடகை ஜீப் ஒரு நாள் நின்றால் அன்றைய வருவாய் இல்லை. தேடும் நேரத்தின் கூலி பாகத்தின் விலையை மிஞ்சலாம். பழைய ஹோஸ்களையும் ரப்பர் கப்களையும் ஒருசேர மாற்றுவது பல வேளைகளில் அறிவுடைய செயலும்கூட. இம்மறுப்பை ஏற்கலாம். ஆயினும் மேற்சொன்ன இரண்டு திருப்பங்களுக்குச் சில நிமிடங்களே ஆகும். தளர்த்திய இணைப்புகளை இறுக்கி ஏர் எடுப்பதையும் சேர்த்தால்கூட ஒரு ஷூ செட்டை மாற்றும் நேரம் ஆகாது. தேடிய பின் மாற்றுவதும், தேடுவதற்குப் பதிலாக மாற்றுவதும் ஒன்றாகா.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பட்டறை அறிவைப் புனிதப்படுத்துவது கல்விப்புலத்தின் புதிய மோகமாகிவிடவில்லையா? பட்டறையும் தவறு செய்கிறது. ரப்பர் கப்பை டீசலில் கழுவுவதும், குறையும் ஆயிலுக்குக் கையில் கிடைத்ததை ஊற்றுவதும் பட்டறை வழக்கங்களே. கப் வீங்குவதற்கு அவையே வழி. டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றால் ஊதித் தள்ளுவதும் அவ்வாறே. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும்; அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை. இது உண்மை, இதை மறைக்கும் பதிவு பதிவாகாது. பட்டறையின் வரிசையறிவை வேதியியல் திருத்த வேண்டிய இடங்கள் இருக்கின்றன. திருத்த வேண்டுமானால் முதலில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுதுவதில்தான் கல்விப்புலம் பின்தங்கியிருக்கிறது. தொழிற்சொற்களைத் தொகுக்கும் மரபு இந்தியாவில் புதிதன்று. கிரியர்சன் 1885இல் பீகார் உழவர்களின் கருவிகளையும் வழக்கங்களையும் சொற்களோடு தொகுத்து வெளியிட்டார். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண் தொழிற்சொற்களின் வட்டார அகராதியைக் கொண்டுவந்தார். தமிழிலும் கலைச்சொல்லாக்கம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1981இல் தொடங்கப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தையே தொகுத்தளித்தது. இப்பணிகளின் மதிப்பு ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் சொற்பட்டியல் மரபு பெயர்ச்சொற்களின் மரபு. ‘பிரேக்’குக்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்று விவாதிக்கும் நேரத்தில், ‘பிடித்துக்கொண்டது’, ‘விட்டுவிட்டது’, ‘இழுக்கிறது’, ‘உரசுகிறது’, ‘ஏர் எடு’ என்று வினைகளாகவே ஓடும் நோயறிதல் மொழி பதிவின்றிப் போகிறது. ஷூ, டிரம், நிப்பிள், ஹோஸ் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அவற்றை இணைத்து ஒரு முடிவுக்கு வரும் வினையமைப்பு முழுவதும் தமிழ். ஆனைக்கரை போன்ற இடங்களில் அது தமிழும் மலையாளமும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கும் ஒன்று. அங்கே சிந்தனை எம்மொழியில் நடக்கிறது என்னும் கேள்விக்குப் பெயர்ச்சொற்களை எண்ணி விடை காண இயலாது.

பிற நாடுகளில் இத்திசையில் முயற்சிகள் நடந்துள்ளன. ஜூலியன் ஆர் என்னும் மானிடவியலர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களோடு இருந்து, அவர்கள் கையேட்டைவிடத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகளின் வழியாகவே பழுதைக் கண்டறிகிறார்கள் என்பதை 1996இல் வெளிவந்த நூலில் காட்டினார். ஆனைக்கரையில் தேநீர்க் கடைப் பேச்சில் ‘அந்தக் கம்பம் வண்டியிலும் இப்படித்தான், ஹோஸை மாற்றியதும் சரியாயிற்று’ என்று வரும் ஒரு வாக்கியம், எதிர்காலப் பழுதொன்றின் நோயறிதல் குறிப்பு. அதைத் தரவாகக் காணும் பயிற்சி மொழியியல் துறைகளிடம் இருக்கிறது. பயன்படுத்துவதற்கான மனநிலைதான் வேண்டும்.

காலமும் அதிகமில்லை. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொதுவாகிவிட்டது. புதிய வண்டிகளின் பழுதைக் கணினி சொல்கிறது. இவையெல்லாம் நல்லவையே, டிரம் பிரேக் மறைவதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அது முற்றிலும் மறைவதற்கு முன், பழைய வண்டிகள் மலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டுகள் சில உண்டு. அந்த ஆண்டுகளில் அவற்றைப் பழுதுபார்க்கும் இளைஞர்கள், கற்றுக்கொடுக்கும் முதியவர்கள் இல்லாமல் வேலை செய்வார்கள். ஆபத்து அந்த இடைவெளியில் இருக்கிறது.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. எல்லைப்புறக் கல்லூரிகளின் தமிழ், மலையாள, மொழியியல் மாணவர்கள் ஒரு பருவத்துக் களப்பணியாக ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டறியும் உரையாடலை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கலாம். சொற்பட்டியலை நிறுத்திவிட்டு, கேட்கப்பட்ட கேள்விகளின் வரிசையை எழுதட்டும். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரும் வேதியியல் ஆசிரியர் ஒருவரும் அதைப் படித்துத் திருத்தட்டும். திருத்திய இரண்டு பக்கங்கள் அந்தந்த வட்டாரத்தின் தமிழிலும் மலையாளத்திலும் பட்டறைச் சுவரில் ஒட்டப்படட்டும். எத்தனை ஆய்வேடுகளுக்கு அத்தகைய வாசகர்கள் கிடைக்கிறார்கள்?

ஆய்வேடுகளில் ‘முறையியல்’ என்றோர் இயல் கட்டாயம் இருக்கும். எந்தச் சோதனை முதலில், ஏன் முதலில், அது எதை அழித்துவிடும் என்னும் கேள்விகள் அங்கே பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஜாக்கியில் ஏறி நிற்கும் ஜீப்பின் அடியில், கையில் ஸ்பேனருடன் படுத்திருப்பவர் அக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் நிப்பிளைத் தொடுவதில்லை. அவருடைய விடை சரியாக இருந்ததா என்பதை, மாலையில் 17 வளைவுகளையும் இறங்கி வீடு திரும்பும் வண்டி சொல்லிவிடும்.